குடிநீர், கழிவுநீர் நிலைய ஆபரேட்டர்: பயிற்சியும் சான்றிதழும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிநீர் நிலையத்திலும் கழிவுநீர் நிலையத்திலும் ஷிப்ட் பார்த்துவிட்டு, பிறகு புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இவை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். குளோரினும் கிருமியும் எங்கும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அதனால் பொதுவானதைச் சொல்லி, தேவைப்படும் இடத்தில் மட்டும் இன்ன நாட்டில் இன்ன வழக்கம் என்கிறேன்.

ஆபரேட்டர் என்றால் மோட்டார் போட்டு வால்வு திருகுபவர்தானே? அதற்கு எதற்குச் சான்றிதழ்?

மோட்டார் போடுவதும் வால்வு திருகுவதும் உண்டுதான். எப்போது திருகுவது, எவ்வளவு திருகுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. மழை பெய்து ஆற்று நீர் கலங்கினால், கலங்கலைத் திரட்டிப் படியவைக்கிற படிகாரத்தின் அளவை மாற்ற வேண்டும். எவ்வளவு என்று ஜார் டெஸ்ட் (சில ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டு ஒப்பிடும் சோதனை) செய்து பார்க்க வேண்டும். படிகாரம் ஏறினால் பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) இறங்கும். பிஎச் மாறினால் குளோரின் வேலை செய்யும் வேகமும் மாறும். ஒன்றைத் தொட்டால் மூன்று நகரும். குழாயைத் திறப்பவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆபரேட்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

சான்றிதழ் இருந்தால் தப்பு நடக்காதா?

இருந்தும் நடந்திருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருகிற யாரும் வாக்கர்டன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாக்கர்டன், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 5,000 பேர் அளவுக்கு இருந்த சிறிய ஊர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்தது. பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்து ஈ.கோலை கிருமி, ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஆழமில்லாத கிணறு ஒன்றில் இறங்கிவிட்டது. குளோரின் போதுமான அளவு போயிருந்தால் அங்கேயே செத்திருக்கும். போகவில்லை. 7 பேர் இறந்தார்கள். 2,300-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்த செய்திதான் முக்கியம். நிலையத்தை நடத்திய இரண்டு முக்கியப் பொறுப்பாளர்களிடமும் சான்றிதழ் இருந்தது. ஆனால் அது தேர்வெழுதி வாங்கியது இல்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் என்ற கணக்கில் கிடைத்தது. எஞ்சிய குளோரினை, அதாவது கிருமியோடு வினைபுரிந்த பிறகும் நீரில் மிச்சமிருக்கும் குளோரினை, நாள்தோறும் அளக்க வேண்டிய இடத்தில், அளக்காமலேயே லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்றும் 0.75 என்றும் எழுதிவைப்பது அங்கே பல வருடப் பழக்கம். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் போடாமலே அவர்களும் குடித்துவந்தார்கள். எதற்காக அளக்கிறோம் என்பதை அவர்களுக்கு யாரும் புரியவைக்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீரில் கிருமி வந்துவிட்டால் எஞ்சிய குளோரின் திடீரென்று இறங்கும்; அந்த இறக்கம்தான் முதல் எச்சரிக்கை மணி. கற்பனை எண்ணை எழுதுகிறவர் அந்த மணியைக் கழற்றி வைத்துவிடுகிறார்.

இதற்குப் பிறகுதான் ஒன்டாரியோ 2002-இல் குடிநீருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து, பயிற்சி விதிகளையும் இறுக்கியது. ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி தர 2004-இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அதையும் வாக்கர்டனிலேயே வைத்தார்கள்.

என்னென்ன வகைச் சான்றிதழ்கள் இருக்கின்றன?

பெரும்பாலான முறைகளில் நான்கு பிரிவு: குடிநீர்ச் சுத்திகரிப்பு, குடிநீர் வினியோகம், கழிவுநீர்ச் சேகரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. ஒவ்வொன்றிலும் படிநிலைகள் உண்டு. வட அமெரிக்காவில் பல இடங்களில் ஒன்று முதல் நான்கு வரை, நான்குதான் உச்சம்.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நிலை என்பது ஆளுக்கு மட்டுமில்லை, நிலையத்துக்கும் உண்டு. எத்தனை பேருக்குத் தண்ணீர் போகிறது, மூலநீர் எவ்வளவு மோசம், எத்தனை கட்டச் சுத்திகரிப்பு என்று புள்ளி போட்டு நிலையத்தை வகைப்படுத்துவார்கள். அதன் முழுப் பொறுப்பை ஏற்பவரிடம் குறைந்தது அந்த நிலைச் சான்றிதழாவது இருக்க வேண்டும். அதனால் சிறிய நிலையத்திலேயே காலம் தள்ளுகிறவர் மேல்நிலைத் தேர்வுக்கான அனுபவத்தைச் சேர்க்க முடியாமல் தவிப்பார். கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் காரணமில்லாமல் இல்லை.

எவ்வளவு படித்திருக்க வேண்டும்?

தொடக்க நிலைக்குப் பள்ளிப் படிப்பு முடித்திருந்தால் பெரும்பாலும் போதும். பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்து, சான்றிதழ் உள்ள ஒருவரின் கண்காணிப்பில் வேலை பார்த்து, தேர்வையும் முடித்து, அனுபவக் காலத்தையும் காட்டினால் முழுச் சான்றிதழ். மேல்நிலைகளுக்குக் கூடுதல் படிப்போ, அதற்கு ஈடான பயிற்சி மணிநேரமோ கேட்பார்கள். பொறியியல் பட்டம் இருந்தால் சில இடங்களில் அனுபவக் காலத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். முழுவதையும் கழிக்க மாட்டார்கள், கழிக்கவும் கூடாது. பட்டம் வாங்கிய பையன் முதல் நாள் வந்து கிளாரிஃபையரின் (கசடு படியவைக்கும் தொட்டியின்) மேல் மிதக்கிற கசடைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்வி: "சார், இது நார்மலா?"

எனக்குக் கணக்கே வராது. தேறுவேனா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. தேர்வில் வருகிற கணக்கு பெருக்கல், வகுத்தல், கன அளவு, சதவீதம். இதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. பயம் வருவது கணக்கால் இல்லை, அலகுகளால்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் லிட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் போட்டால் மொத்தம் 1 கிலோ. இதை மூன்று தடவை எழுதிப் பாருங்கள். நாளுக்கு 80 லட்சம் லிட்டர் ஓடுகிற நிலையத்தில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 8 × 2.5 = 20 கிலோ. கையில் இருப்பது 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 20 ÷ 0.30, அதாவது ஏறக்குறைய 67 கிலோ. முடிந்தது. அமெரிக்காவில் இதே கணக்குக்குப் பவுண்டும் காலனும் சேர்ந்து 8.34 என்றொரு எண்ணை மனப்பாடம் செய்கிறார்கள். மெட்ரிக்கில் படிக்கிற நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது தங்கும் நேரம். 500 கன மீட்டர் தொட்டி, நாளுக்கு 2,000 கன மீட்டர் வரத்து. 500 ÷ 2,000 என்றால் கால் நாள், 6 மணி நேரம். மூன்றாவது, கழிவுநீர்க்காரர்களுக்கு: ஏரேஷன் தொட்டியிலிருந்து (காற்று ஊதும் தொட்டி) ஒரு லிட்டர் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் கசடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 300 மில்லி லிட்டரில் நிற்கிறது, தொட்டியில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 2,500 மில்லிகிராம் என்றால் 300 × 1,000 ÷ 2,500 = 120. இதுதான் கசடுக் கன அளவுக் குறியீடு. 150-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நூலிழை நுண்ணுயிர்கள் பெருகி, கசடு படியாமல் உப்புகிறது என்று சந்தேகப்படலாம்.

இந்த மூன்றையும் தினமும் உங்கள் நிலையத்தின் எண்களைப் போட்டே செய்யுங்கள். புத்தகத்து எண் மறந்துபோகும்; சொந்தத் தொட்டியின் கன அளவு மறக்காது.

தேர்வு எப்படி இருக்கும்?

பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை. வட அமெரிக்காவில் பல மாநிலங்களும் மாகாணங்களும் ஒரே அமைப்பின் கேள்வித்தாள்களைப் பயன்படுத்துகின்றன. 1972-இல் சான்றளிப்பு வாரியங்களின் சங்கமாகத் தொடங்கிய அது, இப்போது வாட்டர் புரொஃபஷனல்ஸ் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்குகிறது. மதிப்பெண்ணுக்குரிய 100 கேள்வி, 70 வந்தால் தேர்ச்சி என்பது அங்கே பொதுவான வழக்கம். சூத்திரத் தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே சூத்திரத்தை உருப்போடுவதில் நேரத்தைக் கரைக்காதீர்கள். எந்த இடத்துக்கு எது என்று தெரிந்தால் போதும்.

கீழ்நிலையில் "இது என்ன" என்று கேட்பார்கள். மேல்நிலையில் "இப்படி நடக்கிறது, முதலில் என்ன செய்வாய்" என்று கேட்பார்கள். இரண்டாவது வகையில்தான் வெறும் புத்தகப் படிப்பு மாட்டிக்கொள்ளும். நாலு விடையும் செய்யக்கூடியவையாகவே இருக்கும். முதலில் எது என்பதுதான் கேள்வி.

இருபது வருடமாக இதே வேலை பார்க்கிறேன். என்னையும் தேர்வெழுதச் சொல்வது நியாயமா?

கோபம் புரிகிறது. அமெரிக்காவில் 1996-இல் குடிநீர்ச் சட்டம் திருத்தப்பட்டு, 1999-இல் ஆபரேட்டர் சான்றிதழுக்கான வழிகாட்டு நெறிகள் வந்தபோது, பழைய ஆட்களுக்குத் தேர்வில்லாமல் கொடுக்க மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும்தான் செல்லும். இன்னொரு இடத்துக்கு எடுத்துப்போக முடியாது. வாக்கர்டன் விசாரணையோ, அப்படி வாங்கியவர்களும் தேர்வெழுதட்டும் என்றே பரிந்துரைத்தது.

என் கட்சி இரண்டாவது. இருபது வருட அனுபவம் என்பது சிலருக்கு இருபது வருடம். சிலருக்கு ஒரே வருடம் இருபது தடவை. எது என்று கண்டுபிடிக்கத் தேர்வைத் தவிர மலிவான வழி இல்லை. எழுத்துத் தேர்வு கஷ்டம் என்பவர்களுக்கு வாய்மொழியாக நடத்தலாம், தாய்மொழியில் நடத்தலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். தேர்வே வேண்டாம் என்று கேட்காதீர்கள்.

குடிநீரா, கழிவுநீரா, எது சுலபம்?

குடிநீரில் தப்புக்கு இடம் குறைவு. இன்று காலை செய்த பிழையை இன்று மாலை ஒரு குழந்தை குடிக்கும். கழிவுநீரில் நீங்கள் கையாள்வது உயிருள்ள கூட்டத்தை. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெனும் லாக்கெட்டும் அறிவித்த கிளர்வூட்டிய கசடு முறைதான் இன்றும் உலகமெங்கும் ஓடுகிறது. காற்று ஊதி நுண்ணுயிரை வளர்த்து, அழுக்கைத் தின்னவைத்து, பிறகு படியவைப்பது அதன் அடிப்படை. தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் பக்கம் நிற்க வேண்டும். இன்று செய்த மாற்றத்தின் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பொறுமை இல்லாதவர் தினமும் எதையாவது திருகிக்கொண்டே இருந்து, எதனால் கெட்டது என்றே தெரியாமல் செய்துவிடுவார். நல்ல கழிவுநீர் ஆபரேட்டர் நுரையின் நிறத்தையும் மண்வாசனையையும் வைத்தே பாதி சொல்லிவிடுவார். மீதியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்.

நாற்றத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பழகிவிடும். ஒரு நாற்றம் மட்டும் பழகக் கூடாது. அது அடுத்த கேள்வியில்.

பாதுகாப்புப் பயிற்சி என்று ஒரு நாளை வீணாக்குகிறார்களே, அவசியமா?

ஒரு நாள் போதாது என்பதுதான் என் குறை. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு, பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைத்து உள்ளே இறங்குபவர் திரும்புவதில்லை. அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். மூடிய இடங்களில் நடந்த சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் எச்சரித்தது.

ஆகவே மேன்ஹோலோ, பம்ப் கிணறோ, மூடிய தொட்டியோ, முடிந்தவரை ஆள் இறங்காமலே வேலையை முடிக்கப் பாருங்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேல், நடு, அடி மூன்றிலும் அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் யாரும் இறங்கக் கூடாது. காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், மேலே ஓர் ஆள் நகராமல் நிற்க வேண்டும், இறங்குபவர் உடம்பில் மேலிருந்து இழுக்கிற கயிறு பூட்டியிருக்க வேண்டும். இந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் இறங்கச் சொன்னால் மறுங்கள். மறுப்பதும் பாதுகாப்பில் ஒரு பாடம்தான்.

குளோரின் வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், தரையோடு தவழும். கசிந்தால் மேட்டுக்கு ஓடுங்கள், காற்று வருகிற திசையை நோக்கி. முகமூடியைக் குளோரின் அறைக்குள்ளேயே மாட்டிவைத்த நிலையத்தை நான் பார்த்திருக்கிறேன். கசியும்போது அதை எடுக்க யார் உள்ளே போவது?

லேப் வேலை கெமிஸ்டுடையதுதானே, ஆபரேட்டர் ஏன் படிக்க வேண்டும்?

இரவு இரண்டு மணிக்குக் கெமிஸ்ட் இருக்க மாட்டார். எஞ்சிய குளோரின், பிஎச், கலங்கல் மூன்றையும் நீங்களேதான் பார்க்க வேண்டும். குளோரின் போட்டு அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும், பிஎச் 8-க்குக் கீழே இருக்க வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 0.2-ஆவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

என் முதல் வருடத்தில் ஓர் இரவு டிபிடி மாத்திரை (குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரை) போட்டுப் பார்த்தேன், நிறமே வரவில்லை. குளோரின் பூஜ்யம் என்று முடிவு கட்டி அளவை ஏற்றினேன். அடுத்த தடவையும் நிறமில்லை, இன்னும் ஏற்றினேன். மூத்த ஆபரேட்டர் வந்து பாட்டிலை முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மாதிரியைக் குளோரின் இல்லாத நீரில் பத்து மடங்கு கரைத்து மாத்திரை போட்டார். இளஞ்சிவப்பு பளிச்சென்று வந்தது. குளோரின் அளவுக்கு மீறிப் போனால் வந்த நிறத்தையே வெளுத்துவிடும். டோசர் (குளோரினை அளந்து செலுத்தும் கருவி) கோளாறில் ஏற்கெனவே எகிறியிருந்ததை நான் மேலும் ஏற்றியிருக்கிறேன். நல்லவேளை, தண்ணீர் தொட்டியைத் தாண்டிப் போகவில்லை. சோதனை செய்யத் தெரிந்திருந்தது எனக்கு. அது எப்போது பொய் சொல்லும் என்று தெரிந்திருக்கவில்லை.

எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆகிவிட்டதே, இனி ஆபரேட்டர் வேண்டுமா?

1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு நிலையத்தின் வடிகட்டிய நீரில் கலங்கல் 1.7 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) வரை ஏறியது. கூடவே கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி தப்பி வந்தது. குளோரின் அதை ஒன்றும் செய்யாது; வடிகட்டிதான் நிறுத்த வேண்டும். ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. தொடர்ந்து பார்க்க வேண்டிய கலங்கலை அங்கே எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பார்த்துவந்தார்கள். சரி, அப்படியானால் தானியங்கிக் கருவிதான் தீர்வு என்பீர்கள். அது வேண்டும்தான். ஆனால் கருவி எண்ணைக் காட்டும்; அது அழுக்குப் படிந்த சென்சாரின் எண்ணா, தண்ணீரின் எண்ணா என்று ஆள்தான் சொல்ல வேண்டும்.

1988 ஜூலையில் இங்கிலாந்தின் கேமல்ஃபோர்ட் பகுதிக்குத் தண்ணீர் கொடுத்த நிலையத்தில் ஆளே இல்லை. வழக்கமாக வராத ஒரு லாரி ஓட்டுநர் 20 டன் அலுமினியம் சல்பேட்டை (மேலே சொன்ன படிகாரம்) தப்பான தொட்டியில் இறக்கிவிட்டுப் போனார். அது நேராக 20,000 பேருக்குப் போகும் குடிநீரில் கலந்தது. லாரி வந்தால் கூடவே நின்று, எந்த மூடியில் குழாய் மாட்டுகிறார்கள் என்று பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத் தெரிந்தது.

சான்றிதழ் எத்தனை வருடம் செல்லும்?

இரண்டு, மூன்று வருடம் என்று இடத்துக்கு இடம் மாறும். ஒன்டாரியோவில் மூன்று. புதுப்பிக்கத் தொடர்பயிற்சி மணிநேரம் காட்ட வேண்டும். சில நாடுகளில் அதை அலகாகக் கணக்கிடுவார்கள். 10 மணி நேரம் ஓர் அலகு. கடைசி மாதத்தில் கிடைத்த வகுப்பிலெல்லாம் போய் உட்கார்ந்து தூங்குபவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வேறு நாட்டுக்குப் போனால் செல்லுமா?

தானாகச் செல்லாது. ஒரே நாட்டுக்குள்ளேகூட மாநிலம் மாறினால் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். தேர்வு ஒரே மாதிரி இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள், இல்லாவிட்டால் மறுபடி எழுதச் சொல்வார்கள். வேலை பார்த்த நிலையத்தின் கொள்ளளவு, முறை, உங்கள் பொறுப்பு, தேதி எல்லாம் உள்ள அனுபவக் கடிதத்தை அங்கிருந்து விலகும் அன்றே வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார்.

நல்ல பயிற்சி நிலையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல்லிக்கொடுப்பவர் நிலையம் ஓட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். பம்பைக் கழற்றி மாட்ட விடுகிறார்களா, ஜார் டெஸ்டை உங்கள் கையால் செய்ய விடுகிறார்களா என்று பாருங்கள். சான்றளிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் அந்தப் பயிற்சியை ஏற்கிறார்களா என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் உட்கார்ந்ததற்குத் தரும் காகிதமும் தேர்வில் தேறியதற்குத் தரும் சான்றிதழும் ஒன்றல்ல. விளம்பரங்கள் இரண்டையும் வேண்டுமென்றே கலக்கும். தொலைவில் இருப்பவர்களுக்கு அஞ்சல்வழிப் பாடமும் நல்லதே. சாக்ரமெண்டோவில் உள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாடங்களைப் படித்து மேலே வந்த ஆபரேட்டர்கள் ஏராளம்.

கருவி பழுது. மேலே இருப்பவர், "நேற்றைய எண்ணையே போட்டுவிடு" என்கிறார். என்ன செய்வது?

போடாதீர்கள். "அளக்கவில்லை, கருவி பழுது, இன்னாரிடம் இத்தனை மணிக்குச் சொன்னேன்" என்று பேனாவால் எழுதி, நேரம் குறித்து, கையெழுத்துப் போடுங்கள். உள்ள கட்டத்தில் இடம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். அப்புறம் பக்கத்து நிலையத்திலிருந்து கைக்கருவியை இரவல் வாங்கி அளந்து, அந்த எண்ணை அது எடுத்த நேரத்துக்கு நேரே எழுதுங்கள். முன்னால் விட்டுப்போன கட்டம் காலியாகவே இருக்கட்டும்.